தட்டுக்கு ஐநூறு

சார், கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறீங்களா? முட்டியை மடக்க முடியல. ஆங், போதும். பையை மேல வெக்கச் சொல்றீங்களா? வேணாம் சார், மடியிலயே இருக்கட்டும். பணம்லாம் இல்ல. கட்சிக்கரை வேட்டி கட்டுனவன் எலெக்ஷன் நேரத்துல பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தா யாரா இருந்தாலும் பணம்னுதான் நெனைப்பாங்க. இதுல இருக்கறது ஒரு பத்திரம். அஞ்சு மா தென்னந்தோப்பு, பேராவூரணிக்குப் பக்கத்துல. மூணு மா சேர்ந்தா ஒரு ஏக்கர், எங்க பக்கத்துக் கணக்கு. என்னோடது இல்ல. என் சம்சாரத்துக்கு அவ அப்பா எழுதி வெச்சது.

போன் அடிக்குதுதான். அவதான் அடிக்கிறா. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறுனதுலேருந்து இது மூணாவது தடவை. எடுக்கல. எடுத்து என்னத்தைச் சொல்றது?

என் பேரு வைரக்கண்ணு. எங்க பக்கம் வந்து கேட்டீங்கன்னா 'ஆரத்தி' வைரக்கண்ணுன்னு சொல்வாங்க. அது ஏன்னு சொல்றேன், வழி நெடுகக் கிடக்கு. நேத்து மெட்ராஸ்ல கட்சி ஆபீஸ்ல எனக்கு நேர்காணல். ஆமா சார், எம்பி சீட்டுக்கு. சிரிக்காதீங்க. சிரிக்கலையா, சரி. நான் சொன்னதும் முதல்ல எல்லாரும் வேட்டியைத்தான் பார்க்குறாங்க, அதான் சொன்னேன்.

நாப்பத்தேழு வருஷம் சார். எழுபத்தேழுல எனக்கு இருபது வயசு. எங்க திருமேனி அண்ணன் எம்பிக்கு நின்னாரு. வக்கீலு. அவருக்குன்னு ஒரு காரு கிடையாது. அரிசி மில்லுக்காரர் ஒருத்தர் ஜீப் குடுத்தாரு, அதுவும் தள்ளுனாத்தான் கிளம்பும். சுண்ணாம்பு நாங்களே வாங்கி, நீலம் கலந்து, நாங்களே செவுத்துல எழுதுனோம். ஒரு குழாய் ஸ்பீக்கர், ஒரு பேட்டரி, நாலு பேரு. எந்த ஊருல இருட்டுதோ அந்த ஊருல சாப்பாடு. சேதுபாவாசத்திரம் பக்கம் போனா மீன் கொழம்பு. காட்டூருக்குப் போனா கேப்பங்களி. ஒருத்தரும் என்ன குடுப்பீங்கன்னு கேக்கல. மொத்தச் செலவு எவ்வளவுங்கிறீங்க? இருபத்தெட்டாயிரம். நான்தான் நோட்டுல எழுதுனேன். அப்ப சட்டமே முப்பத்தஞ்சாயிரத்துக்கு மேல செலவு பண்ணக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. நாங்க அதுக்கும் கீழ. ஜெயிச்சோம்.

அந்த எலெக்ஷன்ல ஒரு ஊருல, ஒரு அம்மா தானா வந்து அண்ணனுக்கு ஆரத்தி எடுத்தாங்க. நாங்க யாரும் சொல்லல. கல்யாண மாப்பிள்ளைக்கு எடுக்குற மாதிரி, செவப்புத் தண்ணி, வெத்தலை, அதுமேல சூடம். அண்ணன் சட்டைப்பையைத் தடவுறாரு, ஒண்ணும் இல்ல. என்னைப் பார்த்தாரு. நான் ஒரு ரூபா எடுத்துப் போட்டேன். அந்தம்மா அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, பொட்டு வெச்சுவிட்டுப் போனாங்க. ஜீப்ல போகும்போது அண்ணன் அழுதுட்டாரு சார். "வைரக்கண்ணு, இந்த ஜனத்துக்கு நாம என்ன செய்யப் போறோம்டா"ன்னாரு.

என்ன செஞ்சோம்? சொல்றேன் இருங்க.

எம்பதுல மறுபடியும் எலெக்ஷன் வந்துச்சு. நான் யோசிச்சேன். ஒரு ஊருல ஒரு அம்மா ஆரத்தி எடுத்ததுக்கே அந்த ஊரு ஓட்டு அத்தனையும் நமக்கு விழுந்துச்சே, எல்லா ஊருலயும் எடுத்தா? அண்ணன் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி நான் சைக்கிள்ல போயிடுவேன். "அக்கா, அண்ணன் வர்றாரு, ஒரு தட்டைக் கொண்டாங்க"ம்பேன். மஞ்சள், சுண்ணாம்பு, சூடம்லாம் நானே கொண்டுபோயிடுவேன். அவங்களுக்கு ஏன் செலவு, ஏழைபாழைங்க. தட்டுக்கு ரெண்டு ரூபா. தப்பா சார் அது? மரியாதைதான. சுமங்கலி கையால வாங்குறோம், வெறுங்கையோட போகலாமா?

அந்தத் தடவை எதிர்க்கட்சிக்காரன் முழிச்சுக்கிட்டான். எண்பத்தி நாலுல அவனும் ஒரு ஆளை சைக்கிள்ல விட்டான். அவன் தட்டுக்கு அஞ்சு. நான் என்ன செய்வேன்? அஞ்சுக்குக் குறைஞ்சு குடுத்தா அண்ணனுக்கு அவமானம் இல்லையா? பத்து குடுத்தேன். அவன் ஆரம்பிச்சு வெச்சான் சார் இதை. நான் இல்ல.

அப்புறம் ஜனங்க ஜனங்களா இல்ல. அதை எங்க போய்ச் சொல்றது. தொண்ணூத்தி ஒண்ணுல பாருங்க, ஒரே அம்மா மூணு தெருவுல நிக்குது. மேலத்தெருவுல வாங்கிட்டு, கொல்லைப் பக்கமாப் பூந்து, அண்ணன் ஜீப்பு வர்றதுக்குள்ள கீழத்தெருவுல தட்டோட நிக்குது. சூடம் அணையவே இல்ல, அதே சூடம். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. அன்னைக்குக் கொண்டுவந்தேன் ஒரு சட்டம். தெருவுக்குப் பன்னெண்டு தட்டு. அதுக்கு மேல கிடையாது. யார் யாருன்னு மொதநாளே பேரு எழுதிப்புடுவேன். பேரு இல்லாத தட்டுக்கு அண்ணன் கும்பிடு மட்டும்தான் போடுவாரு. ஏன் பன்னெண்டுன்னு கேக்குறீங்களா? பத்துன்னா கூட்டம் கொறைச்சலாத் தெரியும். பதினைஞ்சுன்னா ஜீப்பு நகராது. எல்லாம் நின்னு பார்த்துக் கண்ட கணக்கு. ஒரு வருஷத்துல எல்லாக் கட்சியும் அதைப் புடிச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒரு நன்றி சொன்னவன் கிடையாது.

அந்த எலெக்ஷனுக்குத்தான் எங்க அப்பா வெச்சுட்டுப் போன நஞ்சையில மூணு மா வித்தேன். அண்ணன்கிட்ட காசு இல்ல, கட்சி குடுத்த காசு காணல. தொண்ணூத்தி எட்டுல இன்னொரு மூணு மா. ரெண்டாயிரத்து நாலுல மிச்சம். கட்சி திருப்பித் தருமான்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டு யாரும் கட்சியில இருந்ததில்ல. நாம செலவு பண்றோம், ஒரு நாள் நமக்கும் ஒரு இடம் வரும். அவ்வளவுதான் பேச்சு.

என் சம்சாரம் தையல்நாயகி மட்டும் அவ தோப்பைத் தொட விடல. தொண்ணூத்தி எட்டுலயே கேட்டேன். "உங்க அப்பா நிலத்தை நீங்க வித்தீங்க, நான் கேக்கல. எங்க அப்பா நிலத்தை நீங்க கேக்காதீங்க"ன்னுட்டா. பெரிய வாய்ச்சண்டையெல்லாம் இல்ல, அந்த ஒரு வார்த்தைதான். எனக்குக் கோவம்தான். ஊரு பூரா என் பேச்சைக் கேக்குது, வீட்டுல கேக்கலேன்னு. இன்னொண்ணு சார், எங்க தெருவுல அத்தனை பொம்பளைங்களும் ஆரத்தி எடுக்க வந்திருக்காங்க. அவ ஒரு தடவை வந்ததில்ல. "நீ வந்து முன்னாடி நின்னா நாலு பேரு கூட வருவாங்க"ன்னு எத்தனையோ தரம் சொல்லியிருக்கேன். "எனக்கு அடுப்புல வேலை இருக்கு"ம்பா. என்னமோ எங்க வீட்டு அடுப்பு மட்டும் எலெக்ஷனுக்கு எலெக்ஷன் அணையாம எரியும்.

அந்தத் தோப்புதான் சார் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. உண்மையைச் சொல்லணும்ல. பொண்ணைக் கட்டிக்குடுத்தது தேங்காய்க் காசு. கஜா புயல் வந்துச்சே, பாதி மரம் படுத்துடுச்சு. நான் நிவாரணம், கணக்கெடுப்பு, அமைச்சர் வருகைன்னு அலைஞ்சேன். அவ தனியாத் தென்னங்கன்னு வாங்கி வெச்சா. கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனா. இப்பத்தான் பாளை விடுது. ஒரு ரெண்டு மாசமா.

எங்க விட்டேன்? ஆங், ரேட்டு. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் கணக்கே வேற சார். அம்பது, நூறு, இருநூறு. அது ஆரத்திக்கு மட்டும். ஓட்டுக்குக் கவனிப்பு தனி, அதை நான் பஸ்ல பேசப்படாது. தேர்தல் கமிஷன் கேமராவோட பின்னாடியே வர ஆரம்பிச்சுட்டாங்க. தட்டுல நோட்டு விழுந்தா வீடியோவுல விழும், வேட்பாளர் கணக்குல ஏறும். அதுக்கும் நான்தான் வழி கண்டேன். நோட்டை நாலா மடிச்சுக்கணும். தட்டைத் தொட்டுக் கும்பிடுற மாதிரி ரெண்டு கையையும் கொண்டுபோகணும். தட்டுக்கு அடியில அந்தம்மா விரல் இருக்கும்ல, அந்த விரலுக்குள்ள சொருகிடணும். கேமரா எந்தப் பக்கம்னு ஒரு பார்வை, சொருகல், கும்பிடு, அடுத்த தட்டு. மூணு செகண்டு. பழகிப்போச்சு. இந்த விரலு இருக்கே சார், அது பாட்டுக்குச் செய்யும். சோத்தைப் பெசையிற மாதிரி.

திருமேனி அண்ணன் போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆச்சு. நல்லவேளை. அவருக்கு அப்புறம் நின்னவங்கல்லாம் காரை விட்டு எறங்காதவங்க. ஒருத்தருக்குக் குவாரி, ஒருத்தருக்குக் கப்பல். ஒவ்வொருத்தரும் வரும்போது "அண்ணே, நீங்க இல்லாம நான் இல்ல"ம்பாங்க. ஜெயிச்சு டெல்லி போயிட்டா நம்பர் மாறிடும்.

சரி, நேர்காணலுக்கு வரேன். இந்தத் தடவை எனக்கு ஒரு எண்ணம். வயசு அறுபத்தேழு ஆகுது, இதை விட்டா அடுத்தது எழுபத்திரண்டு. விருப்ப மனு போடுவோம். மனுவுக்கே அம்பதாயிரம். சங்கிலியை அடகு வெச்சேன். அவகிட்ட சொன்னேன், தோப்புன்னு வாயைத் தொறக்கல. பட்டது போதும்னு. அவதான் சார் உள்ள போனா. பீரோவைத் தொறந்தா. பத்திரத்தை எடுத்துக்கிட்டு வந்து இந்தப் பையில வெச்சா. "எவ்வளவு செலவு பண்ணுவீங்கன்னு கேப்பாங்களாமே. வெறுங்கையோட போயி நிக்காதீங்க. ஊருக்கெல்லாம் நின்னீங்க, ஒரு தடவை உங்களுக்காக நில்லுங்க. போனாப் போகுது"ன்னா. கல்யாணம் ஆயி நாப்பத்தொரு வருஷத்துல அவ அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதில்ல.

நேத்து பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. மூணு மணிக்குக் கூப்பிட்டாங்க. எங்க தொகுதிக்கு மட்டும் ஒம்பது பேரு. உள்ள அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. நாலு பேரு நமக்குத் தெரிஞ்ச பெரியவங்க. எங்க மாவட்டம், அதான் மாவட்டச் செயலாளர், என்னைப் பார்க்காம காப்பியைப் பார்த்தாரு. அஞ்சாவது ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், கம்பெனியிலேருந்து. இப்ப எலெக்ஷன் நடத்தறதுக்குன்னே கம்பெனி இருக்குல்ல. மடியில கம்ப்யூட்டர். மரியாதையான பொண்ணுதான், குறை சொல்லக் கூடாது.

நான் ஆரம்பிச்சேன். எழுபத்தேழு, ஜீப்பு, செவுரு, ஜெயிலுக்குப் போனது. எந்த ஊருல எந்த வீட்டுல எத்தனை ஓட்டுன்னு மனப்பாடம்னு சொன்னேன். ஒருத்தரு கொட்டாவி விட்டாரு. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "சார், உங்க பக்கத்துலேருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம்?" நான் பத்திரத்தை எடுத்து மேசை மேல வெச்சேன். "அஞ்சு மா தென்னந்தோப்பு. முப்பது லட்சத்துக்குப் போகும். இன்னைக்கு வேணும்னாலும் கிரயம் பண்றேன்." அந்த ரூம்ல யாரும் சிரிக்கல சார். சிரிச்சிருந்தாத் தேவல. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டுச்சு. "சார், உங்க தொகுதியில ஆயிரத்து ஐநூறு பூத். பூத்துக்குப் பத்து பேரு. ஒருத்தருக்கு ஒரு நாளைக்குச் சாப்பாடு, டீ, இருநூறு ரூபா. நீங்களே பெருக்கிப் பாருங்க." பெருக்குனேன். முப்பது லட்சம். ஒரு நாளு.

யானைப் பசிக்குச் சோளப்பொரி. முப்பது வருஷமா ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட தோப்பு, கட்சிக்கு ஒரு நாள் சோறு. அவ ஊத்துன ஒவ்வொரு கொடம் தண்ணியும்.

யாருக்குக் குடுக்கப் போறாங்கன்னு வெளியில எல்லாருக்கும் தெரியும். மெடிக்கல் காலேஜ் வெச்சிருக்கவரு. கட்சிக்கு வந்து மூணு வருஷம். அவரு நேர்காணலுக்கே வரல, அவரு ஆடிட்டர் வந்திருந்தாரு. நான் பத்திரத்தை எடுத்து மடிச்சேன். அப்பத்தான் அந்தத் திரையில ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. வேன், டீசல், பந்தல், செல்போன்ல போடுற விளம்பரம், அதுக்கெல்லாம் நடுவுல, 'ஆரத்தி'. பக்கத்துல, 'தெருவுக்குப் பன்னெண்டு தட்டு.' தட்டுக்கு ஐநூறு. ஆயிரத்து நூறு எடம். மொத்தம் அறுபத்தாறு லட்சம்.

ஆரத்திக்கு மட்டும் சார். சட்டப்படி ஒரு எம்பி வேட்பாளரு எல்லாத்துக்கும் சேர்த்தே தொண்ணூத்தஞ்சு லட்சம்தான் செலவு பண்ணலாம். அந்த வரியை எந்தக் கணக்குல எங்க ஒளிப்பாங்களோ, அது அவங்க பாடு.

நான் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், "அம்மா, இந்தப் பன்னெண்டு எங்கேருந்து வந்துச்சு?" அது சொல்லுது, "எல்லாத் தொகுதிக்கும் இதான் சார் ஸ்டாண்டர்ட். பத்துன்னா கம்மியாத் தெரியும், பதினைஞ்சுன்னா வண்டி நகராது." என் வார்த்தை சார். அப்படியே என் வார்த்தை. "அது நான் கொண்டுவந்ததும்மா"ன்னேன். அந்தப் பொண்ணுக்குப் புரியல. எங்க மாவட்டம்தான் எந்திரிச்சு, "ஆமாம்மா, இவருதான் ஆரத்தி வைரக்கண்ணு. தமிழ்நாட்டுக்கே இவருதான் முன்னோடி"ன்னாரு. கொட்டாவி விட்டவரு எந்திரிச்சு வந்து எனக்குத் துண்டு போட்டாரு. அந்தப் பொண்ணு கைகுடுத்துச்சு. போட்டோ எடுத்தாங்க. "அண்ணே, சீட்டு யாருக்கு வந்தாலும் தொகுதி பூரா ஆரத்திப் பொறுப்பு உங்களுக்குத்தான். ஆறு சட்டமன்றமும். காரு தர்றோம், நாலு ஆளு தர்றோம்"னாங்க.

வேணாம்னு சொல்லியிருக்கலாம். பத்திரத்தைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் நின்னேன். சரின்னுட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன் சார், சந்தோஷமா இருந்துச்சு. நாப்பத்தேழு வருஷத்துல தலைமை ஆபீஸ்ல என் பேரைச் சொல்லி ஒருத்தர் எந்திரிச்சு நின்னது நேத்துதான்.

விக்கிரவாண்டி தாண்டிட்டமா? டீ குடிக்க எறங்கலையா நீங்க? எனக்கும் எறங்க மனசில்ல.

அப்புறம் ஏன் போனை எடுக்கலேன்னு கேக்குறீங்க. நியாயம்தான். சீட்டு கிடைக்கலேன்னு சொல்றதுக்குப் பயம் இல்ல சார். அவளுக்கே தெரியும். தோப்பும் தப்பிச்சுச்சு. அவ சந்தோஷப்படணும். வேற ஒண்ணு இருக்கு. முந்தாநாள் காலையில நான் கிளம்பும்போது நடந்தது. அதை யாருகிட்டயும் சொல்லல.

நான் குளிச்சு, வேட்டி கட்டி, பையை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வர்றேன். அவ தட்டோட நிக்கிறா. பட்டுப்பொடவை கட்டியிருந்தா, பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது. செவப்புத் தண்ணி, வெத்தலை, சூடம். எதிர்வீட்டுப் பொம்பளைங்க வாசல்ல வந்து பார்க்குறாங்க. அவ எந்த வேட்பாளருக்கும் எடுக்காதவ சார். எனக்கு எடுக்குறா. மூணு சுத்துச் சுத்துனா. பொட்டு வெச்சா. கண்ணுல தண்ணி நிக்குது அவளுக்கு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கை அது பாட்டுக்குச் சட்டைப்பைக்குப் போச்சு. ஐநூறு ரூபா நோட்டு ஒண்ணு, நாலா மடிச்சேன். எடது பக்கம் ஒரு பார்வை பார்த்தேன், கேமரா இருக்கான்னு. எங்க தெருவுல என்ன கேமரா? தட்டைத் தொட்டுக் கும்பிட்டு, அடியில அவ விரலுக்குள்ள சொருகுனேன். "நம்ம சின்னத்தை மறந்துடாதீங்கம்மா"ன்னு வாயிலேருந்து வந்துருச்சு சார். அவகிட்ட. கட்டுன பொண்டாட்டிகிட்ட.

அவ விரல் அதைப் புடிச்சுக்கல. நோட்டு கோலத்துல விழுந்துச்சு. எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. நின்னு ஏதாவது சொல்லியிருக்கணும். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாதும்பாங்கல்ல, அதைச் சாக்கா வெச்சுக்கிட்டு விறுவிறுன்னு நடந்துட்டேன். நோட்டை எடுத்தாளா, அது அங்கேயே கிடந்துச்சா, எதிர்வீட்டுக்காரங்க என்ன நெனைச்சாங்க, ஒண்ணும் தெரியாது. வீட்டுல ஆரத்தி எடுத்தா ஒரு ரூபா, பதினொரு ரூபா போடுறது வழக்கம்தான். யாரும் தப்புங்க மாட்டாங்க. ஆனா நான் போட்டது வழக்கத்துக்குப் போடுற காசு இல்லேன்னு அவளுக்குத் தெரியும். அந்த மடிப்பு அவளுக்குத் தெரியும். ராத்திரி ராத்திரியா வீட்டுல உக்காந்து நான் மடிச்சதுதான எல்லாம்.

மறுபடியும் அடிக்குது பாருங்க. எடுங்கன்னு சொல்றீங்க. எடுக்குறேன். பஸ் சத்தத்துல கேக்குமோ என்னமோ.

அலோ… ஆங், தையலு… பஸ்லதான் வர்றேன், விக்கிரவாண்டி தாண்டி… சாப்பிட்டேன், சாப்பிட்டேன்… இல்ல. கிடைக்கல. அந்த மெடிக்கல் காலேஜ்காரருக்குத்தான்… ம்… ஆனா சும்மா அனுப்பல, பொறுப்பு குடுத்திருக்காங்க. தொகுதி பூரா ஆரத்தி நான்தான். காரெல்லாம் தர்றாங்க. துண்டு போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க… என்னது? சத்தமா சொல்லு… தட்டுக்கா? தட்டுக்கு இந்தத் தடவை ஐநூறு… ஆமா, எல்லா ஊருக்கும் ஐநூறுதான்… அலோ… தையலு… அலோ…

வெச்சுட்டா.

ஒண்ணும் இல்ல சார். "தட்டுக்கு எவ்வளவு"ன்னு கேட்டா. ஐநூறுன்னேன். "எல்லாருக்கும் அதானா"ன்னு கேட்டா. ஆமான்னேன். "அப்பச் சரி. எனக்கும் ஊருக்குக் குடுக்குறதைத்தான் குடுத்திருக்கீங்க"ன்னா. கோவமாச் சொல்லல. சாயங்காலம் தோசையா இட்லியான்னு கேக்குற குரல்லதான் சொன்னா.

தோப்பு என்னாச்சுன்னு அவ கேக்கவே இல்ல சார்.